குவாஷில் சிப்பியும் வாகை நெற்றும்: காய்ந்ததும் நிறம் ஏன் மாறுகிறது?

கேள்வி: கூழாங்கல், சிப்பி, காய்ந்த வாகை நெற்று மூன்றையும் மேசைமேல் வைத்து குவாஷ் வண்ணத்தில் (அடியில் இருப்பதை மறைக்கும் கெட்டியான நீர்வண்ணம்) வரைந்து பழகுகிறேன். ஈரத்தில் சரியாகத் தெரியும் நிறம் காய்ந்ததும் வேறாகிவிடுகிறது. திருத்த நினைத்து மேலே பூசினால் அடியில் இருப்பது கரைந்து சேறாகிறது. பார்த்தபடியே வர என்ன செய்ய வேண்டும்?

பதில்: இரண்டு தொல்லையுமே குவாஷின் இயல்பில் இருந்து வருபவை. இதில் நிறப்பொடியைப் பிடித்து வைத்திருப்பது அரபிப் பிசின். காய்ந்த பிறகும் தண்ணீர் பட்டால் அது இளகும். நிறத்தைப் பொறுத்தவரை, வெளிர் நிறங்கள் காய்ந்தால் பெரும்பாலும் ஒரு படி அடர்ந்துவிடும், அடர் நிறங்கள் ஒரு படி வெளிறிவிடும். வெளிச்சமும் நிழலும் ஒன்றையொன்று நெருங்கிவிடுவதால் படம் தட்டையாகத் தெரிகிறது.

எனவே கலவையை நேரே படத்தில் வைக்காதீர்கள். அதே தாளில் ஒரு துண்டு வெட்டி, அதில் தொட்டு வைத்து, முழுக்கக் காயவிட்டு, பொருளுக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள். ஒவ்வொரு கலவையையும் தேவைக்குச் சற்று அதிகமாகவே கலந்துகொள்ளுங்கள். தீர்ந்தபின் அதே நிறத்தை மறுபடி கொண்டுவருவது மிகக் கடினம்.

ஒரே ஜன்னல் வெளிச்சம் போதும், டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்து, எது மிக இருட்டு, எது மிக வெளிச்சம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். இயல்புத்தன்மையில் பாதிக்கு மேல் இந்த முடிவில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். நுணுக்கக் கோடுகளுக்கு அவசரமே இல்லை.

முதல் பூச்சு நன்றாக நீர்த்து இருக்கட்டும். அது காய்ந்தபின் வருவது தோசை மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். தூரிகையைத் துணியில் ஒற்றி ஈரத்தைக் குறைத்து, ஒரு இழுப்பில் வைத்துவிட்டுக் கையை எடுங்கள். அதே இடத்தில் திரும்பத் திரும்பத் தேய்ப்பதால்தான் சேறாகிறது. இரு நிறங்கள் சேரும் இடத்தை ஈரத்தால் இழைக்காமல், இடைப்பட்ட நிறம் ஒன்றைக் கலந்து நடுவில் வையுங்கள். மிகத் தடிமனாகப் பூசினால் வெடிக்கும்.

சிப்பியை உற்றுப் பாருங்கள். வெள்ளை என்று நாம் நினைக்கும் பகுதியில் பெரும்பாலும் சாம்பலும் மங்கிய மஞ்சளும்தான் இருக்கும். அல்ட்ராமரீன் நீலத்தில் சிறிது பர்ன்ட் சியன்னாவும் (செம்பழுப்பு) வெள்ளையும் சேர்த்தால் அந்த நிழல் கிடைக்கும். தூய வெள்ளையைக் கடைசியில், பளபளக்கும் ஒரே புள்ளிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் வெள்ளையைக் கலப்பதுதான் படத்தைச் சுண்ணாம்படித்ததுபோல் ஆக்குகிறது.

சிப்பியின் உட்புற இளஞ்சிவப்புக்கு, 19ஆம் நூற்றாண்டில் பறவைக் கூடுகளையும் பழங்களையும் வரைந்து புகழ்பெற்ற ஆங்கில ஓவியர் வில்லியம் ஹென்றி ஹண்டின் வழியைச் செய்து பாருங்கள். அவர் வெள்ளையைக் கெட்டியாகப் பூசி, இறுகவிட்டு, அதன்மேல் தூய நீர்வண்ணத்தைச் சிறு சிறு தொடுகைகளாக வைப்பார். வெள்ளை கலக்காததால் நிறம் ஒளி மங்காமல் நிற்கும்.

வாகை நெற்றுக்கு மஞ்சள் ஓக்கரும் (மண் மஞ்சள்) வெள்ளையும், நிழலில் துளி ஊதாவும். விதை புடைத்திருக்கும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் மெல்லிய நிழல் விழும், அதைத் தவறவிடாதீர்கள். நெற்று மேசையைத் தொடும் இடத்தில் நிழலின் விளிம்பு கூர்மையாகவும், தள்ளிப் போகப்போக மங்கியும் இருக்கும். அந்த நிழலுக்குக் கறுப்பு வேண்டாம். பர்ன்ட் அம்பரும் (அடர் பழுப்பு) அல்ட்ராமரீனும் சேர்ந்த இருட்டில் உயிர் இருக்கும்.

கூழாங்கல்லுக்கு, கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் மேலாக இழுத்தாலே சொரசொரப்பு வந்துவிடும்.

ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1503இல் வரைந்த புல்திட்டு ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். வியன்னாவின் அல்பெர்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீர்வண்ணமும் குவாஷும் கலந்த வேலை, வரைந்திருப்பது வெறும் களைச்செடிகளை. ஒவ்வொரு இலையும் அடுத்ததிலிருந்து எப்படிப் பிரிந்து தெரிகிறது என்று கவனியுங்கள்.

முடித்த படத்துக்கு வார்னிஷ் அடிக்காதீர்கள், நிறங்கள் அடர்ந்து மாறிவிடும். கண்ணாடி போட்டுச் சட்டமிடும்போது இடையில் அட்டை மவுன்ட் வைக்கச் சொல்லுங்கள். வண்ணத்தின்மேல் கண்ணாடி படக் கூடாது.