விட்டுவிட்டுப் போன தீவுகள்

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளை ஒன்று விடாமல் பிடித்துக்கொண்டே அமெரிக்கா ஜப்பான் வரை போய்விட்டதாமே! அவ்வளவு ஆள்பலமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: ஒன்று விடாமலா? விட்டதுதான் அதிகம்!

நியூ கினிக்குப் பக்கத்தில் உள்ள நியூ பிரிட்டன் தீவின் ரபவுல் ஜப்பானியரின் பெரிய கோட்டை. சுமார் 1 லட்சம் பேர் இருந்தார்கள். 1943 ஆகஸ்டில் கியூபெக்கில் கூடிய நேச நாட்டுத் தலைவர்கள், அதைத் தாக்காமல் சுற்றிக்கொண்டு போகலாம் என்று முடிவெடுத்தார்கள். போகன்வில்லிலும் அட்மிரால்டி தீவுகளிலும் ஓடுதளம் போட்டதும் ரபவுலுக்குக் கப்பல் வரும் வழி அடைபட்டது. அந்தப் பெரும்படை 1945 செப்டம்பரில் சரணடையும்வரை அங்கே தோட்டம் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. டிரக், வேக் தீவுகளையும் இப்படித்தான் பட்டினி போட்டார்கள்.

அமெரிக்கர்களுக்குத் தேவைப்பட்டது விமான ஓடுதளமும், கப்பல்கள் நங்கூரமிட அலையடிக்காத காயலும்தான். 1944இல் சைபன், டினியன் தீவுகளுக்காக ரத்தம் சிந்தியதும் அதற்கே. அங்கிருந்து டோக்கியோ சுமார் 2,400 கி.மீ.; பி-29 விமானம் குண்டோடு போய்த் திரும்பும் தூரம்.

ஆள்பலம் எல்லாவற்றுக்கும் உதவாது என்பதற்குத் தராவா என்ற பவளத்தீவு ஒன்று போதும். அங்கே பேட்டியோ என்ற திட்டு; நீளம் 3 கி.மீ.க்குச் சற்றுக் கூடுதல். 1943 நவம்பர் 20 அன்று இறங்கினார்கள். சுற்றிலும் பவளப்பாறை. வீரர்களைக் கரையில் இறக்கும் ஹிக்கின்ஸ் படகு அதைத் தாண்ட சுமார் 4 அடி தண்ணீர் வேண்டும். தேய்பிறை அஷ்டமியை ஒட்டிய நாள். நிலாவும் பூமியை விட்டுத் தள்ளியிருந்தது. கடல் ஏறவில்லை. (நம் கடற்கரையில் யாரைக் கேட்டாலும் அஷ்டமியில் நீர் ஏறாது என்பார்கள்.) பாறைமேல் ஏறிப்போகும் சங்கிலிச்சக்கர ஊர்திகள் 125தான் இருந்தன. முதல் மூன்று வரிசைகள் அவற்றில் போய்விட்டன. பின்னால் படகில் வந்தவர்கள் பாறை விளிம்பிலேயே இறங்கி, சுமார் அரை கி.மீ. தூரம் இயந்திரத் துப்பாக்கிகளுக்கு நேராக நடந்தார்கள். கப்பல் பீரங்கிகளின் மூன்று மணி நேரத் தாக்குதலும் பதுங்கு அரண்கள் பலவற்றை அசைக்கவில்லை. மட்டமாகப் பாய்ந்த குண்டுகள் மேலே துளைக்காமல் எகிறிப் போயின. 76 மணி நேரத்தில் அமெரிக்கத் தரப்பில் மட்டும் சுமார் 1,000 பேர் செத்தார்கள்.

பாடம் படித்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். 1944 ஜனவரி கடைசியில் குவாஜலீன் என்ற பவளத்தீவில் பக்கத்துத் திட்டுகளை முதலில் பிடித்துப் பீரங்கிகளை ஏற்றினார்கள், சங்கிலி ஊர்திகளைப் பெருக்கினார்கள். அமெரிக்கச் சாவு 400க்குள் நின்றது.

ஆனால் படித்ததை மறக்கவும் தெரிந்தவர்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பெலெலியூ தீவை விட்டுவிடலாம் என்றார் அட்மிரல் ஹால்சி. கப்பல்கள் கிளம்பிவிட்டன என்று அவருக்கு மேலிருந்த பசிபிக் கடற்படைத் தலைவர் நிமிட்ஸ் கேட்கவில்லை. மூன்று, நான்கு நாளில் முடியும் என்றார் படையை நடத்திய ஜெனரல். இரண்டு மாதத்துக்கு மேல் இழுத்தது. இதற்கு நடுவில் செப்டம்பர் 23 அன்று, எதிர்ப்பே இல்லாமல் உலிதி என்ற பவளத்தீவு கைக்கு வந்தது. நூற்றுக்கணக்கான கப்பல்கள் நிற்கும் காயல் அங்கேதான் இருந்தது.