‘ஐசியு வேலை எனக்குத் தெரியாது’ என்று எழுதிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: தனியார் மருத்துவமனையில் எலும்பு முறிவு வார்டு செவிலியராக இருக்கிறேன். ஆள் பற்றாக்குறை என்று ஓர் இரவு என்னை ஐசியுவுக்கு அனுப்பினார்கள். இடுப்பு அறுவை சிகிச்சை முடிந்து, வலிக்காக ஃபென்டனில் என்ற வலுவான வலிநிவாரணி ஏறிக்கொண்டிருந்த நோயாளிக்கு மூச்சு குறைந்தது. டியூட்டி டாக்டருக்குப் போன் செய்தேன், ‘கவனித்துக்கொள்ளுங்கள்’ என்றார். விடியற்காலையில் நோயாளி இறந்துவிட்டார். உறவினர்கள் போலீசில் புகார் கொடுத்திருக்கிறார்கள். நிர்வாகம் விளக்கக் கடிதம் கேட்கிறது. என்னைப் பிடிக்காத கண்காணிப்பாளர் வேண்டுமென்றே அங்கு அனுப்பினார். என் அசல் சான்றிதழ்களையும் தர மறுக்கிறார்கள். பழக்கமில்லாத வேலைக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

பதில்: கண்காணிப்பாளரின் பகையும் சான்றிதழ் தகராறும் இந்த வழக்கில் உங்களைக் காப்பாற்றா. அவற்றைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் கேட்டிருக்கும் கடைசிக் கேள்விதான் முக்கியம், அதிலேயே ஆபத்தும் இருக்கிறது.

ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம், தொழில்முறையாளர் ஒருவர் தம்மிடம் இருப்பதாகக் காட்டிக்கொண்ட திறன் உண்மையில் இல்லாதிருந்தாலோ, இருந்த திறனை நியாயமான கவனத்துடன் பயன்படுத்தாதிருந்தாலோ கவனக்குறைவுக்குப் பொறுப்பாவார் என்றது. எழுத்தில் ஆட்சேபணை தெரிவிக்காமல் ஐசியு பொறுப்பை ஏற்றுக்கொண்டுவிட்டு, இப்போது ‘எனக்கு அந்த வேலை தெரியாது’ என்று விளக்கக் கடிதம் எழுதினால், முதல் வகைக் கவனக்குறைவை நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும். பரிதாபம் தேடி இப்படி எழுதிக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்த செவிலியர்கள் உண்டு. எதிர்த்தரப்பு அந்தக் கடிதத்தைத்தான் முதல் ஆவணமாகக் குறியிடுகிறது.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106(1) பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் 5 ஆண்டு வரை சிறை என்கிறது. மருத்துவச் செயல்முறையின்போது நேர்ந்தால் 2 ஆண்டு என்ற சலுகை, மருத்துவப் பதிவேட்டில் பெயர் உள்ள டாக்டருக்கு மட்டுமே. செவிலியர் பதிவு அதற்குப் பொருந்தாது. ஒரே இரவு, ஒரே நோயாளி என்றாலும் டாக்டரை விட உங்களுக்கு அபாயம் அதிகம். பிணையில் விடக்கூடிய குற்றம் என்பது மட்டுமே ஆறுதல்.

உங்கள் வாதம் வார்டு அனுபவத்திலிருந்தே எழ வேண்டும். ஃபென்டனில் போன்ற மருந்து மூச்சை மந்தப்படுத்தும் என்பது அறுவை சிகிச்சை நோயாளிகளைப் பார்க்கும் எந்த வார்டு செவிலியருக்கும் தெரியும். பிராணவாயு கொடுக்கும்போது மானிட்டரில் ஆக்சிஜன் அளவு சரியாகத் தெரிந்தாலும் மூச்சு எண்ணிக்கை சரிந்துகொண்டிருக்கலாம். ஆகவே நிபுணர் சாட்சி உங்கள் சார்ட்டில் முதலில் பார்ப்பது மூச்சு எண்ணிக்கை எழுதும் கட்டத்தைத்தான். உண்மையிலேயே எண்ணி நிமிடத்துக்கு 14, 11, 9 என்று எழுதி, 9-க்குப் பக்கத்தில் டாக்டருக்குச் சொன்ன நேரமும் அவர் பதிலும் இருந்தால், உங்கள் வழக்கு பாதி முடிந்தது. மணிக்கு மணி 18, 18, 18 என்று இருந்தால் எண்ணாமலே எழுதியதாகத் தெரியும், வாதாடுவது மிகக் கடினம். அவர் ‘கவனித்துக்கொள்ளுங்கள்’ என்ற பிறகு மறுபடி அழைத்தீர்களா, மருந்தை நிறுத்தச் சொல்லிக் கேட்டீர்களா, மூத்த டாக்டரை எழுப்பினீர்களா என்பதே குறுக்கு விசாரணையில் வரப்போகும் கேள்வி.

சார்ட்டில் விட்டுப்போனதை இப்போது நிரப்பச் சொன்னால், யார் சொன்னாலும் செய்யாதீர்கள். உறவினர்கள் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவேட்டைத் தர வேண்டும் என்பது விதி. நகல் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கலாம். மானிட்டரின் நினைவகம், உங்கள் போன் அழைப்புப் பட்டியல், கேமரா எல்லாமே நேரத்தைக் காட்டிக்கொடுக்கும். கவனக்குறைவு வழக்கில் தப்பக்கூடியவர், திருத்திய ஒரே வரிக்காகச் சாட்சியத்தை அழித்த வழக்கில் மாட்டிக்கொள்வார். விளக்கக் கடிதத்தில் கண்டது, செய்தது, நேரம் இவை மட்டும் இருக்கட்டும், கருத்து வேண்டாம். கையெழுத்திடும் முன் ஒரு வழக்கறிஞர் படிக்கட்டும், அவர் மருத்துவமனையின் வழக்கறிஞராக இருக்கக் கூடாது.

வெளிப்படையாகச் சொல்கிறேன்: நீங்கள் மறுபடி அழைத்ததற்குப் பதிவு இல்லையென்றால், சமரசமே உங்களுக்கு நல்லது. ஊழியரின் தவறுக்கு மருத்துவமனையே நோயாளிக்கு இழப்பீடு தர வேண்டும் என்பது 1998-இல் உச்ச நீதிமன்றத்தின் ஸ்பிரிங் மெடோஸ் மருத்துவமனை வழக்கிலேயே உறுதியாகிவிட்டது. அங்கும் செவிலியர் போட்ட ஊசிதான் விவகாரம். எனவே பணம் நிர்வாகத்திடமிருந்து வரட்டும். ஆனால் 106 பிரிவின் குற்ற வழக்கை இரு தரப்பும் சேர்ந்து முடித்துவிட முடியாது. எஃப்ஐஆர் பதிவானால் சமரசத்துக்குப் பிறகும் உயர் நீதிமன்றத்தில்தான் ரத்து கோர வேண்டும், நீதிமன்றம் இணங்கியே ஆக வேண்டும் என்பதில்லை. நான் கண்ட வழக்கமான ஏமாற்றம், நிர்வாகம் தன் பெயரையும் டாக்டர் பெயரையும் விடுவித்துக்கொண்டு செவிலியரை மட்டும் ஒப்பந்தத்தில் சேர்க்காமல் விட்டுவிடுவது. உறவினர்கள் உங்கள் மீதான புகாரையும் தொடரப்போவதில்லை, ரத்து மனுவுக்கு ஒத்துழைப்பார்கள் என்று அதே ஒப்பந்தத்தில் உங்கள் பெயருடன் எழுதப்பட்டிருக்க வேண்டும். உங்கள் பெயர் இல்லாத ஒப்பந்தத்தில் சாட்சியாகக்கூடக் கையெழுத்திடாதீர்கள்.