பதில்: இலவச டென்னிஸ் வகுப்புக்கு வந்த பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுகிறார்கள்

வணக்கம். முதல் வாரம் கூட்டமாக வந்த ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் மூன்றாம் வாரம் வரவில்லை என்றும், சாதாரண மஞ்சள் பந்தில்தான் பழக்குகிறீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். என் பார்வையில் சிக்கலே அந்தப் பந்துதான். தரையில் பட்டதும் அது குழந்தையின் தலைக்கு மேலே எழும்புகிறது, அடிக்கவே முடியாது. சிறுவர்களுக்கென்றே உள்ள மென்மையான சிவப்புப் பந்துக்கு மாறுங்கள். அது சுமார் 75 சதவீதம் மெதுவாக வரும், இடுப்பளவில் நிற்கும். ஆடுகளம் 11 மீட்டர் நீளம் போதும், வலை 80 சென்டிமீட்டர். பெரிய களத்தின் குறுக்கே இப்படி நான்கு போடலாம், அப்போது வரிசையில் காத்து நிற்பதும் குறையும். காத்திருப்புதான் பிள்ளைகளை விரட்டுகிறது! பத்து வயதுக்குட்பட்டோர் போட்டிகளில் மஞ்சள் பந்து கூடாது என்று சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பே 2012 முதல் விதி வைத்திருக்கிறது.

அப்புறம், முதல் நாளே மட்டையைப் பிடிக்கும் விதமும் நிற்கும் நிலையும் சொல்லித் திருத்த வேண்டாம். இரண்டு பேர் மாறி மாறி நான்கு பந்து தட்டட்டும், புள்ளி எண்ணி விளையாடட்டும். மட்டை கிளப்பே கொடுக்கட்டும், சின்ன அளவில். வாங்கச் சொன்னால் வசதியில்லாத வீட்டுப் பிள்ளை சத்தமில்லாமல் நின்றுவிடும். நின்றுபோனவர்களின் பள்ளிக்கே சிவப்புப் பந்தோடு ஒருமுறை போய்ப் பாருங்கள்.