தடி வேண்டாம், பட்டியல் போதும்

கேள்வி: நாடு முழுக்க ஊரடங்கு போடாமலே தென் கொரியா 2020-இல் கொரோனாவைச் சமாளித்தது. சொன்னால் கேட்கிற மக்கள்; அதனால் முடிந்தது. நம் ஜனங்களுக்குத் தடிதான் லாயக்கு என்கிறேன். ஒப்புக்கொள்வீர்களா?
– வாசகர், தேனி.

பதில்: மாட்டேன். அதே மக்கள்தான் 2015-இலும் அங்கே இருந்தார்கள். அந்த ஆண்டு மெர்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய் புகுந்து 186 பேரைப் பிடித்தது. 38 பேர் இறந்தார்கள். வளைகுடா நாடுகளுக்குப் போய்வந்த ஒருவர், என்ன நோயென்று தெரியாமல் மருத்துவமனை மருத்துவமனையாக ஏறி இறங்கினார். எங்கெங்கே தொற்று என்று சொல்ல அரசு வாயைத் திறக்கவில்லை. நோய் உறுதியாகி 18 நாள் கழித்துத்தான் மருத்துவமனைகளின் பட்டியல் வந்தது. அதற்குள் ஜனங்களே இணையத்தில் பட்டியல் போட்டுவிட்டார்கள்.

சூடுபட்ட பிறகு சட்டம் திருத்தப்பட்டது. நோயாளி போன இடங்களை ஊருக்குச் சொல்லியாக வேண்டும். நெருக்கடியில் பரிசோதனைக் கருவிகளுக்கு அவசர அனுமதி தரலாம். பலன் 2020 ஜனவரி 27 அன்று தெரிந்தது. நாட்டில் அப்போது நான்கே கொரோனா நோயாளிகள். அவர்களுடைய சந்திரப் புத்தாண்டு விடுமுறை வேறு. சியோல் ரயில் நிலையத்தில் இருபதுக்கும் மேற்பட்ட நிறுவனத்தாரை உட்காரவைத்து, 'கருவியைச் செய்யுங்கள், அனுமதி உடனே' என்றார்கள் அதிகாரிகள். ஒரு வாரத்தில் முதல் கருவிக்கு அனுமதி கிடைத்துவிட்டது. நம் ஊரில் விடுமுறை நாளில் ஓர் அதிகாரியைப் பிடித்துப் பாருங்கள்!

நீங்கள் மெச்சுகிற அந்த மக்கள் பிப்ரவரியில் முகக்கவசத்துக்காகக் கடைவாசலில் மணிக்கணக்கில் நெருக்கியடித்து நின்றவர்கள்தான். மார்ச் 9 முதல் பங்கீட்டு முறை வந்தது. பிறந்த ஆண்டு 1 அல்லது 6-இல் முடிந்தால் திங்கள். 2 அல்லது 7 என்றால் செவ்வாய். ஆளுக்கு வாரம் இரண்டு, மருந்துக்கடையில், ஒரே விலை. ரேஷன் கடை கண்ட நமக்கு இது புரியாதா என்ன?

அங்கே எல்லாமே ஒழுங்கு என்றும் எண்ணிவிடாதீர்கள். போன இடத்தை அம்பலப்படுத்தும் அதே சட்டம் மே மாதம் காலை வாரியது. சியோலின் இதேவோன் பகுதி இரவு விடுதிகளில் தொற்று பரவியது. அவற்றில் சில தன்பாலின ஈர்ப்பாளர்கள் கூடும் இடங்கள். வீட்டுக்குத் தெரிந்துவிடும், வேலை போய்விடும் என்று பலர் பரிசோதனைக்கு வர அஞ்சினார்கள். அபராதம் என்று மிரட்டியும் பார்த்தது நகர நிர்வாகம். பெயரே வேண்டாம், தொலைபேசி எண் போதும் என்று இறங்கிவந்த பிறகுதான் வருவோர் எண்ணிக்கை கூடியது.