13 வருடப் பழைய காரில் கூலன்ட் ஹோஸ்களை எப்போது மாற்ற வேண்டும்?

காருக்கு 13 வயது, ஓடியது 62,000 கிலோமீட்டர்தான், என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் ஓடும் ரப்பர் ஹோஸ் எல்லாம் வெளியே பார்க்க நன்றாக இருக்கிறது, மெக்கானிக்கும் "ஒழுகினால் பார்த்துக்கலாம் சார்" என்கிறார், மாற்றலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றிவிடுங்கள், இந்த மாதமே.

நான்கு வருடத்துக்கு முன் மே மாதத்தில் குடும்பத்தோடு கொல்லிமலை ஏறினேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு, பாதி நேரம் முதல் கியரும் இரண்டாம் கியரும்தான், ஏசி வேறு ஓடிக்கொண்டிருந்தது. அப்போது என் காருக்கு 11 வயது. பாதி வளைவு தாண்டியதும் டெம்பரேச்சர் முள் ஏறியது. ஏசியை நிறுத்தினேன், கொஞ்ச நேரத்தில் முள் மளமளவென்று கீழே இறங்கிவிட்டது, சரி சூடு தணிந்துவிட்டது என்று நம்பி இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினேன். அப்புறம்தான் பானெட் இடுக்கில் ஆவி வந்தது. ரேடியேட்டரின் மேல் பக்கத்தில் மாட்டியிருக்கும் டாப் ஹோஸ் பிளந்து கூலன்ட் மொத்தமும் ரோட்டில் கொட்டியிருந்தது. சென்சார் கூலன்டில் மூழ்கியிருந்தால்தான் உண்மையான சூட்டைச் சொல்லும். கூலன்ட் போய்விட்டால் உள்ளே என்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதே முள் கீழே இறங்கலாம். என்ஜினின் மேல்பகுதியான ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போய், லேத்தில் கொடுத்துச் சமன்படுத்தி, எல்லாம் சேர்த்து 28,000 ரூபாய் ஆனது. ஹோஸ் செட்டை முன்பே மாற்றியிருந்தால் 2,500-க்குள் முடிந்திருக்கும். பணத்தை விடுங்கள், முட்டி வலியுள்ள அம்மாவை வளைவு ஓரத்தில் மூன்று மணி நேரம் உட்கார வைத்தேனே, அதுதான் இன்னும் மனசில் நிற்கிறது.

அந்த ஹோஸும் வெளியே உங்களுடையது போல நன்றாகத்தான் இருந்தது. இரண்டு வாரம் முன் சர்வீஸில் பார்த்து ஒன்றும் பிரச்சினை இல்லை என்றுதான் சொன்னார்கள். ஆனால் இந்த ரப்பர் பெரும்பாலும் உள்ளிருந்து கெடுகிறது. என்ஜினின் உலோகம், ரப்பர், நடுவே கூலன்ட், மூன்றும் சேர்ந்து ஒரு சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்கின்றன. அதனால் உட்சுவரில் நீளவாக்கில் மயிரிழை விரிசல் விழுகிறது, பெரும்பாலும் ஹோஸ் முனையை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்பிலிருந்து இரண்டு அங்குலத்துக்குள். அந்த விரிசல் வழியே கூலன்ட் நடு அடுக்கில் இருக்கும் நூல் பின்னலுக்குப் போய் அதை நைய வைக்கிறது. ரேடியேட்டர் மூடி சுமார் 1 பார் அழுத்தத்தை உள்ளே பிடித்து வைக்கிறது, அதனால்தான் 100 டிகிரி தாண்டியும் கூலன்ட் கொதிக்காமல் இருக்கிறது. நைந்துபோன ஹோஸ் மலையேற்றத்தில் அந்த அழுத்தத்தைத் தாங்காது. இதில் கிலோமீட்டரைவிட வயதுதான் கணக்கு. ஐந்து வருடம் ஆனதிலிருந்து வருடம் ஒருமுறை கையால் சோதிக்க வேண்டும், பத்து வருடத்துக்குள் எப்படி இருந்தாலும் மாற்ற வேண்டும் என்பது என் முடிவு.

சோதிப்பதைக் காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள். ஹோஸின் நடுவில் அமுக்கிப் பார்த்துப் பயனில்லை, கிளிப்பை ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் அழுத்துங்கள், பிறகு நடுவில் அழுத்தி ஒப்பிடுங்கள். முனை மட்டும் கொழகொழவென்று இருந்தாலோ, உள்ளே ஏதோ நொறுங்குவது போல விரலுக்குத் தெரிந்தாலோ அது போய்விட்டது. கல் மாதிரி இறுகியிருந்தாலும் அப்படித்தான். என்ஜின் ஆயில் கசிந்து ஹோஸ் மேல் பட்டுக்கொண்டிருந்தால் ரப்பர் உப்பி மெத்தென்று ஆகிவிடும். அந்தக் கசிவை நிறுத்தாமல் புது ஹோஸ் போட்டால் அதுவும் சீக்கிரம் போய்விடும்.

மாற்றும்போது டாப் ஹோஸ், பாட்டம் ஹோஸ் இரண்டோடு நிறுத்திவிடாதீர்கள். கைக்கு எட்டாத இடத்தில் சாண் நீளத்தில் ஒரு பைபாஸ் ஹோஸ் இருக்கும், பல கார்களில் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள், அப்புறம் ஹீட்டருக்குப் போகும் இரண்டு. கிளிப்புகளும் ரேடியேட்டர் மூடியும் புதுசாகவே போடுங்கள், எப்படியும் கூலன்டை வடிக்கிறீர்கள் என்பதால் சூட்டுக்கு ஏற்பக் கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையும் அப்போதே மாற்றினால் கூலி மிச்சம். பழைய ஹோஸ் ஒட்டிக்கொண்டு வராவிட்டால் முறுக்கி இழுக்க விடாதீர்கள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்து இந்த வயதில் உடைந்துவிடும். பிளேடால் ஹோஸை நீளவாக்கில் கீறி உரித்து எடுக்கச் சொல்லுங்கள். போர் தண்ணீர் ஊற்ற விடாதீர்கள், உப்பு படிந்து ரேடியேட்டர் அடைத்துக்கொள்ளும். நிரப்பிய பிறகு குமிழி நிற்கும்வரை என்ஜினை ஓடவிட்டுக் காற்றை முழுக்க வெளியேற்ற வேண்டும், இதில் அவசரப்படும் மெக்கானிக் பக்கத்திலேயே நில்லுங்கள்.

மாற்றும்வரை மலைப் பக்கம் போக வேண்டாம். ஓட்டும்போது முள் ஏறி, பிறகு சட்டென்று இறங்கினால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டி என்ஜினை நிறுத்துங்கள், ரேடியேட்டர் மூடியைத் தொடாமல் ஒரு மணி நேரமாவது ஆறவிடுங்கள், பச்சைத் தண்ணீரை அவசரமாக ஊற்றினால் சூட்டில் இருக்கும் ஹெட் விரிசல் விடும். புது ஹோஸ் போட்ட பிறகும் முதல் வாரம் தினமும் காலையில் ரிசர்வ் டேங்க் அளவையும், காருக்கு அடியில் தரையில் ஈரம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஸ்க்ரூ வைத்த கிளிப் என்றால் நாலைந்து நாள் கழித்து என்ஜின் ஆறியிருக்கும்போது இன்னொரு முறை இறுக்க வேண்டியிருக்கும்.