கேளுங்கள், சொல்கிறேன்: கோத்தகிரி ஒலிப்பதிவாளரின் பதில்கள்

சவுண்ட் இன்ஜினியர் ஆக ஆசை. வெளிநாட்டு இசைக்கலைஞர்களோடு வேலை செய்ய ஆங்கிலம் நன்றாக வர வேண்டுமா அண்ணா?
*கல்லூரி மாணவி, குன்னூர்*

என் ஆங்கிலம் பஸ் ஸ்டாண்டில் டூரிஸ்டுக்கு வழி சொல்லும் அளவுதான். அதனால் எந்த வேலையும் கெட்டதில்லை. அவசரப்பட்டுத்தான் ஒருமுறை கெடுத்தேன்.

ஒரு டிசம்பரில் ஐரோப்பாவிலிருந்து கிடார்க்காரர் ஒருவர் வந்தார். கோத்தர்கள் எங்கள் நீலகிரிப் பழங்குடிகள்; பக்கத்துக் கோத்தர் ஊர்ப் பெரியவர்களோடு சேர்ந்து வாசிக்க வேண்டுமாம். அவர்கள் ஊதும் கொல், நம் நாகஸ்வரத்துக்குத் தூரத்து உறவு, சீவாளி உண்டு. விடியற்காலைப் பதிவு. மேளங்களைத் தீயில் காய்ச்சி முடிக்கும்வரை காத்திருந்தோம்.

கிடார், மேற்கத்திய இசையின் பொதுச் சுருதியான நொடிக்கு 440 அதிர்வுக் கணக்கில் சேர்ந்திருந்தது. கொல்லுக்கு அந்தக் கணக்கே கிடையாது. போதாததற்குக் குளிர் வேறு. வெப்பம் 10 டிகிரி இறங்கினால் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 6 மீட்டர் குறையும். ஊதுகருவியின் சுருதி இறங்கும். கிடார்க் கம்பியோ சுருங்கி மேலே ஏறும். ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே.

நான் என்ன செய்தேன்? இரண்டு ராத்திரி உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் கொல்லின் ஒவ்வொரு சுரத்தையும் பிடித்திழுத்துக் கிடாருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தேன். பெருமையாகப் போட்டும் காட்டினேன். பெரியவர் கடைசிவரை கேட்டார்.

"நல்லா இருக்கு தம்பி. யாரு ஊதுனது?"

அத்தனையையும் அழித்தேன். மறுநாள் கிடாரின் பிரடையை, அதாவது கம்பியை முறுக்கும் திருகை, தளர்த்தச் சொன்னேன்; கையைத் திருப்பிக் காட்டினாலே போதும், அதற்கு ஆங்கிலம் எதற்கு? கிடார்க்காரரும் கெட்டிக்காரர். விரலில் கண்ணாடிக் குழாயை மாட்டிக்கொண்டு கம்பியில் வழுக்கி வழுக்கி வாசித்து, கொல்லின் சுரங்களைப் பிடித்துவிட்டார்.

படிப்பென்றால் தரமணி எம்.ஜி.ஆர். திரைப்பட நிறுவனத்திலும், புனே, கொல்கத்தா திரைப்பட நிறுவனங்களிலும் ஒலிப்பதிவுப் பாடம் உண்டு. முயன்று பாருங்கள்.

சாவு வீட்டில் கொல் ஊதியதை போனில் பதிவு செய்தேன். என் பாட்டில் சேர்க்கலாமா?
*வாசகர், கூடலூர்*

வேண்டாம். கோத்தர்களிடம் சாமிக்கு ஊதும் மெட்டு வேறு, சாவுக்கு வேறு, ஆட்டத்துக்கு வேறு. அந்தக் கிடார்க்காரரும் சாவு மெட்டு ஒன்றைக் கேட்டு மயங்கிப்போனார். பெரியவர் தலையசைத்து மறுத்துவிட்டு, ஆட்ட மெட்டு ஒன்றை ஊதிக் கொடுத்தார். நீங்களும் ஊதியவரிடம் நேரில் போய்க் கேளுங்கள். வேறு மெட்டுக்குச் சம்மதித்தால், அவர் பெயரையும் பங்குத் தொகையையும் பதிவுக்கு முன்பே எழுதிவிடுங்கள். கிடார்க்காரருக்கு முழுப்பெயர் போடுவார்களாம், கொல் ஊதியவருக்கு 'பழங்குடி இசை' என்று போட்டால் போதுமாம்! எனக்கு அதில் கோபம் உண்டு.

பனிக்காலத்தில் மைக் கரகரக்கிறதே?
*வாசகர், உதகை*

ஈரம்தான். சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். குளிரிலிருந்து அறைக்குள் கொண்டுவந்த உடனே மாட்டாதீர்கள், அரைமணி நேரம் விடுங்கள். அப்புறம், அரிசியில் மட்டும் புதைக்காதீர்கள், தூசு உள்ளே போய்விடும். நான் புதைத்திருக்கிறேன்.