தாளைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: ஜப்பானிய ஓவியர் கவாசே ஹசுயின் 'ஷிபா சோஜோஜி' மரப்பலகை அச்சோவியம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. 1925 என்கிறார்கள். நம்பி வாங்கலாமா?

பதில்: கொட்டும் பனியில் குடையைச் சாய்த்து நடக்கும் அந்தப் பெண், பின்னால் சிவந்து நிற்கும் கோயில் வாசல்! யாருக்கும் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். 1925 படம் உருவான ஆண்டு. உங்கள் பிரதி அச்சான ஆண்டு வேறாக இருக்கலாம். ஹசுய் 1957-இல் காலமான பிறகும் வதனபே பதிப்பகத்தார் அவர் படங்களை அச்சிட்டார்கள். ஓரத்திலுள்ள பதிப்பாளர் முத்திரை காலத்துக்குக் காலம் மாறியது, அதை ஒப்பிடுங்கள்.

நான் முதலில் தாளைத் திருப்பித்தான் பார்ப்பேன். பாரென் என்ற வட்டத் தேய்ப்பானால் கையால் அழுத்தி அச்சிட்டிருந்தால், நிறம் பின்பக்கம் வரை ஊறியிருக்கும். வெள்ளை வெளேரென்று இருந்தால் இயந்திர அச்சோ என்று சந்தேகப்படுவேன். ஓரம் வெட்டிய பிரதி மட்டும் வேண்டவே வேண்டாம்.